‘இருக்கிறது போதாதா?’ என்று கேட்கும்போது

கேள்வி: எனக்கு 43 வயது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கணவர் வழிப் பூர்வீக வீட்டில் இருக்கிறோம். ஏழு புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) சொந்தமான வீடு. மற்ற ஆறு புள்ளியும் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் மட்டும்தான். முகப்பு முதல் மூன்றாம் கட்டு வரை பெருக்குவது, ஓடு உடைந்தால் ஆள் பிடிப்பது, கரையான், வவ்வால் எல்லாம் எங்கள் தலையில். கணவர் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். 12 வருடத்துக்கு முன் சென்னையில் நல்ல வேலை வந்தது. மாமனார் படுத்த படுக்கையாக இருந்ததால் போகவில்லை. மகள் காரைக்குடி அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பிளஸ் டூ.

சிங்கப்பூர் ஓரகத்தி வரும்போதெல்லாம், “நீ கொடுத்து வைத்தவ, இப்படி ஒரு வீட்டில் இருக்கே” என்பார். அவர் போன பிறகு ஒரு வாரம் எனக்கு எதுவும் பிடிக்காது. அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். பலகாரம் போட்டு விற்கலாமா என்று கணவரிடம் கேட்டால், “இருக்கிறது போதாதா?” என்கிறார். மாமியாரோ பையனுக்கு டிபன் டப்பா கட்டுகிறேன் என்று விடியும் முன்னே எழுந்து பாத்திரத்தை உருட்டுவார், என் தூக்கம் போய்விடும். யூடியூபில் ஒருவர் சொன்னாரே என்று, தினமும் ராத்திரி நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை நோட்டில் எழுதினேன். கணவர், பிள்ளைகள், வீடு, சாப்பாடு, உடம்பு சுகம். பத்து நாளும் இதே ஐந்து. எழுத எழுதக் குற்ற உணர்ச்சிதான் கூடியது. எத்தனையோ பேர் கஷ்டப்படும்போது எனக்கு மட்டும் ஏன் மனசு நிறையவில்லை? நான் நன்றி கெட்டவளா? இருப்பதை வைத்துச் சந்தோஷப்பட எப்படிக் கற்றுக்கொள்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. நன்றி இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, அந்த வீட்டின் பாரம் உங்கள் மேல் மட்டும் விழுந்திருப்பது. இன்னொன்று, பலகாரம் போட்டுச் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை. மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட மனநிறைவு. முதல் இரண்டையும் ‘நன்றி இல்லாத குணம்’ என்று நீங்களே பெயர் வைத்து அமுக்கிவிட்டு, மூன்றாவதைத் தேடுகிறீர்கள். அதனால்தான் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் உங்களைக் குத்தியிருக்கிறது.

வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏழு புள்ளிக்குச் சொந்தமான வீட்டில் ஒரு குடும்பம் மட்டும் இருப்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வளவை, அதாவது நடு முற்றத்துப் பகுதியைச் சுற்றி இருக்கும் அறைகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கும். ஆனால் மழை பூட்டிய அறைக்கும் திறந்த அறைக்கும் வித்தியாசம் பார்க்காது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு பார்க்க ஆள் கிடைப்பதே பெரிய பாடு. முற்றத்துத் தண்ணீர் போகும் வழியில் இலை அடைத்தால் நடுராத்திரியில் எழுந்து குச்சியால் குத்திவிட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். தினமும் குனிந்து துடைப்பவருக்கு இடுப்புதான் தெரியும். ஆள் இல்லாமல் விடப்பட்ட வீடுகள் என்ன ஆயின என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிரித்து விற்கப்பட்ட எத்தனையோ வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. உங்கள் வீடு இன்னும் வீடாக நிற்கிறது என்றால், அதற்கு உள்ளே தினமும் விளக்கேற்ற ஒருவர் இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உங்கள் வீட்டில் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. ஆறு புள்ளிகள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. ஓரகத்தி கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. வருடத்தில் நாலு நாள் வந்து, சொந்தங்களோடு பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு அந்த வீடு உண்மையிலேயே பாக்கியமாகத்தான் தெரியும். ஆனால் அவர் ‘கொடுத்து வைத்தவ’ என்று சொல்லும்போது, உங்கள் உழைப்பு அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறது. அதுதான் உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலியைப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு மருந்து நன்றி நோட்டில் இல்லை, கணக்கு நோட்டில் இருக்கிறது. உங்கள் கணவர் கணக்கு எழுதுகிறவர். போன இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு ஆன செலவை உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். ஓட்டுக்காரர் கூலி, கரையான் மருந்து, வெள்ளையடிப்பு, மின்சாரம், படைப்புக்கு முன்னால் வீடு கழுவிவிட வரும் ஆட்களின் கூலி என்று எல்லாம் அதில் வரட்டும். படைப்புக்கு எல்லாப் பங்காளிகளும் கூடும்போது, சாப்பாடு முடிந்து ஆற அமர உட்காரும் நேரத்தில், அதை எடுத்து வைக்கட்டும். ‘இதுவரை போனது போகட்டும், இனிமேல் புள்ளிக்கு இவ்வளவு என்று ஒரு பொதுப் பணம் வைத்துக்கொள்ளலாம்’ என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகியவர்கள் நம் ஆட்கள். புள்ளிக் கணக்கு அவர்களுக்குப் புதுசு இல்லை. நீங்கள் நேரில் பேச வேண்டாம் என்று தோன்றினால், மாமியார் வாயால் வரட்டும். அவர் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

அடுத்தது பலகாரம். உங்கள் கணவர் “இருக்கிறது போதாதா?” என்று கேட்டதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் நல்ல வார்த்தைதான் அது. இன்னொருவரின் ஆசையை நிறுத்துவதற்காகச் சொன்னால், கேட்கிறவருக்குத் தன் ஆசையே குற்றம் மாதிரி ஆகிவிடும். ஒருவேளை ‘என் சம்பாத்தியம் போதவில்லை என்கிறாள்’ என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். சென்னை வேலையை விட்ட வருத்தம் அவருக்கும் உள்ளே இருக்கும், இல்லையா? எனவே பணத்தை வைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். ‘எனக்கு இது நன்றாக வரும், செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது’ என்று தொடங்குங்கள். சீப்புச் சீடையும் தேன்குழலும் மனகோலமும் கை பக்குவம் கேட்கிற வேலை. அந்தப் பக்குவம் உள்ளவர்களைத் தேடி இன்று கல்யாண வீட்டுக்காரர்கள் அலைகிறார்கள். முதலில் தெரிந்த நாலு வீட்டுக்கு மட்டும் செய்து கொடுத்துப் பாருங்கள். தொடர்ந்து விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு அது எளிதாகவே கிடைக்கும். இருப்பதற்கு நன்றியோடு இருந்துகொண்டே இன்னும் ஒன்றை விரும்பலாம். இரண்டும் ஒரே மனசில் தாராளமாக இருக்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நம்மிடம் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது குணக்கேடு இல்லை, மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. அடுப்படியிலேயே நிற்பவருக்குத் தாளிப்பு வாசனை தெரியாது, வாசலில் நுழைகிறவருக்குத்தான் மூக்கைத் துளைக்கும். அமெரிக்காவில் 1978-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் பிரபலமானது. பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு வென்ற 22 பேரிடம் பேசினார்கள். அதே வட்டாரத்தில் லாட்டரி விழாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியாக இல்லை. அதோடு காலை உணவு, நண்பரோடு பேசுவது, ஒரு பாராட்டு, ஒரு நகைச்சுவை போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கிடைத்ததற்கு மனம் சீக்கிரம் பழகிவிடும் என்பதைப் பிற்பாடு வந்த பல ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உங்கள் ஓரகத்தி சிங்கப்பூருக்கு இந்நேரம் பழகியிருப்பார். ஸ்டேட்டஸில் அது தெரியாது.

பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து மதிப்பிட வைத்து, 1995-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் ‘தங்கம் போச்சே’ என்று நினைக்கிறார், வெண்கலக்காரர் ‘ஒன்றுமே இல்லாமல் போயிருக்குமே’ என்று நினைக்கிறார் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நீங்களோ 12 வருடமாகச் சென்னை வேலையோடு உங்கள் வாழ்க்கையை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடக்காத வாழ்க்கையில் வாடகை இல்லை, டிராஃபிக் இல்லை, சண்டை இல்லை. எந்த நிஜ வாழ்க்கையும் அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

அப்புறம் உங்கள் நோட்டு. அதை நீங்கள் தப்பாகச் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்தவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்துதான் இந்தப் பழக்கம் பரவலாக அறியப்பட்டது. அதில் முதல் ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒருமுறை. அதிகபட்சம் ஐந்து விஷயங்கள், பத்து வாரங்கள். தொல்லைகளைப் பட்டியலிட்ட இன்னொரு குழுவினரைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். பிறகு சோனியா லுபொமிர்ஸ்கி என்ற உளவியலாளர் தன் குழுவோடு ஆறு வாரம் சோதித்துப் பார்த்தபோது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரியவில்லை, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் தெரிந்தது. தினமும் எழுதினால் அதுவும் பழகிப்போய்விடும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். ஆகவே தினசரி எழுதுவதை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, கை ஓய்ந்த ஒரு நேரம் போதும்.

எழுதும் விதத்தையும் மாற்ற வேண்டும். ‘பிள்ளைகள்’ என்று எழுதினால் மனசில் எந்தப் படமும் வராது. இந்த வாரம் எந்தப் பிள்ளை, எந்த நேரத்தில், என்ன செய்தது? அது நடக்க யார் காரணம்? இந்த ‘யார்’ என்ற கேள்விதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சொத்துப் பட்டியல் போட்டால் மனசு கணக்குப்பிள்ளையாகிவிடும், அடுத்த நிமிடமே ஓரகத்தியின் பட்டியலோடு ஒப்பிடும். ஒருவர் நமக்காகச் செய்ததை நினைத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

உதாரணமாக, உங்கள் மகளின் கல்லூரி. அது 1947-ல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர். 1957-ல் அவர் காலமாகிவிட்டார். தான் பார்க்கவே போகாத பிள்ளைகளுக்காக அவர் செய்தது அது. அதில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் உங்கள் கையால் சாப்பிடுகிறது. விடுதிக் கட்டணம் இல்லை, ‘சாப்பிட்டாளோ இல்லையோ’ என்ற கவலை இல்லை. ‘மகள்’ என்று ஒரு வார்த்தை எழுதுவதற்கும், இதை இப்படி விரித்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே எழுதிப் பார்த்தால் உணர்வீர்கள்.

இன்னொரு பயிற்சி இருக்கிறது. கேட்கும்போது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஒரு நல்ல விஷயம் நடக்காமலே போயிருக்க எத்தனை வழி இருந்தது என்று யோசித்து எழுதுவது. 2008-ல் மின்கியுங் கூ என்பவரும் மற்றவர்களும் இதை ஆராய்ந்தார்கள். துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருந்தால் என்று எழுதியவர்கள் தங்கள் உறவில் அதிக நிறைவை உணர்ந்தார்கள். உங்கள் கல்யாணம் எப்படி முடிவானது? யார் சொல்லி வந்த ஜாதகம்? அந்த ஆள் அன்றைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? மாமனார் படுத்திருந்தபோது அவரை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகாத மனுஷர் உங்கள் கணவர். போயிருந்தால் இன்றைக்கு அவர் மனசு எப்படி இருக்கும், உங்கள் மனசு எப்படி இருக்கும் என்றும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். நான் அவருக்காக வாதாடவில்லை. இதுவரை அந்தக் கதையை ஒரு பக்கமிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உருட்டும் சத்தம் எரிச்சல்தான், தூக்கம் கெட்டால் யாருக்கும் கோபம் வரும். ‘ராத்திரியே பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுங்கள், விடியக்காலம் சத்தம் குறையும்’ என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் புகாராக வந்த அந்த வரியை நான் இரண்டாம் முறை படித்தேன். வயதான ஒரு அம்மா, இருட்டோடு எழுந்து, பேரனுக்கு டப்பா கட்டிவிடுகிறார். இந்த வேலைக்கு அவருக்கும் யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போனவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தனக்கு உதவியும் சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். செய்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகக் கூடியது. ஒரு மாதம் வரை அது தெரிந்தது, பிறகு மெல்லக் குறைந்துவிட்டது. நம் வீட்டில் மாமியாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டுபோய் நீட்டினால் அவர் பயந்துவிடுவார்! நேருக்கு நேர் ‘நன்றி’ என்று சொல்வதும் நமக்கு ஏதோ வெளியாளிடம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “நீங்கள் டப்பா கட்டிவிடுவதால்தான் நான் காலையில் ஓடாமல் நிற்கிறேன்” என்று ஒருநாள் வெற்றிலை மடிக்கும் நேரத்திலோ, பூக் கட்டும் நேரத்திலோ சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவர் ‘இதுக்கென்ன’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பரவாயில்லை, அவருக்கு விளங்கிவிடும்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, ஓரகத்தியின் ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுங்கள். அவருக்குத் தெரியாது. மனவலிமையை இதில் வீணாக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஒரு வாரம் எதுவும் பிடிக்காது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு வாரம் தாண்டி, பெரும்பாலான நேரம் மனசு சோர்ந்தே இருந்து, தூக்கம், பசி கெட்டு, பிடித்த வேலையிலும் ஆசை விட்டுப்போய், காரணமில்லாமல் அழுகை வந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நன்றிப் பயிற்சி சிகிச்சை ஆகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த ஓர் அலசல், மனச்சோர்விலும் பதற்றத்திலும் இந்தப் பயிற்சிகளின் பலன் சிறியதுதான் என்று சொன்னது. அப்படி ஒரு நிலை வந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவசச் சேவை அது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ‘இருக்கிறதெல்லாம் இருந்தும் இப்படியா’ என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாம் இருப்பவர்களுக்கும் அந்த நோய் வரும்.

இந்த வருடப் படைப்புக்கு முன்னால் செலவுக் கணக்கை எழுதி முடித்துவிடுங்கள். ஓரகத்தி வந்து ‘கொடுத்து வைத்தவ’ என்றால், சிரித்துக்கொண்டே, “ஆமா, வாங்க, மூன்றாம் கட்டில் ஓடு ஒழுகுகிற இடத்தைக் காட்டுகிறேன்” என்று கையோடு கூட்டிப் போங்கள். அவர் பார்க்கட்டும். அவரும் உங்கள் பங்காளி வீட்டுப் பெண்தானே, பார்த்தால் புரியும். பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். பலகார விஷயத்தில் கணவர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.